டன் அக்காவின் இருபத்தொரு கிலோ

அந்த எடை மேடைக்குப் புதிதாக வரும் டிரைவர்களுக்கெல்லாம் ஒரு குழப்பம் வரும். "டன் அக்காகிட்ட சீட்டு வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். வந்து பார்த்தால் கண்ணாடி அறை காலியாகக் கிடக்கும். நடுத்தர உடம்புக்காரி ஒருத்தி காதில் பேனாவைச் செருகிக்கொண்டு லாரியைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள். "ஏம்மா, இங்க டன் அக்கா யாரு?" என்று அவளிடமே கேட்பார்கள்.

"நான்தான். பின் சக்கரம் பாதி வெளிய நிக்குது. ஒரு அடி முன்னால எடு."

டிரைவர் மேலும் கீழும் பார்ப்பார். பேருக்கும் ஆளுக்கும் ஒட்டவில்லையே என்று நினைப்பார். பேர் வைத்த காலத்தில் நன்றாகவே ஒட்டியது. அப்போது அவள் எடை நூற்று நான்கு கிலோ.

எடை மேடை என்பது பெரிய விஷயமில்லை. தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புத் தட்டு, பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அறைக்குள் எண்களைக் காட்டும் ஒரு பெட்டி. லோடோடு வரும் லாரி தட்டில் ஏறி நிற்கும். பிறகு லோடை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மறுபடி வந்து நிற்கும். முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்தக் கழித்தலைத்தான் டன் அக்கா பதினெட்டு வருஷமாக, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல் செய்துகொண்டிருந்தாள்.

எழ வேண்டிய அவசியமே இல்லை. சக்கரங்களைப் பார்க்க வெளியே ஒரு வளைந்த கண்ணாடி மாட்டியிருந்தார்கள். டீ ஜன்னலுக்கே வந்துவிடும், ஒரு நாளைக்கு எட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. தூரத்து ஊர்களிலிருந்து வரும் டிரைவர்கள் அக்காவுக்கென்று இனிப்போ வறுவலோ ஒரு பொட்டலம் எடுத்து வராமல் இருக்க மாட்டார்கள். மேஜையின் கீழ் இழுப்பறையில் ரசீதுக் கட்டு இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்கட் இருந்தது. ரசீதுக் கட்டு தரையில் இருந்தது. டன் அக்கா என்று கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வீட்டுக்குப் போய் ஒரு தடவை தனியாக அழுததும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. ஒன்பது வயது இளையவன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவனைத் தூக்கி நிறுத்தியவள் அவள்தான். தையல்காரன். கடைத்தெருவில் ஒரு மிஷின் போடும் அளவுக்கு இடம், அதில் இரண்டு மிஷின் போட்டிருந்தான். முப்பத்து மூன்று வயதில் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினோடு கட்டிப் போட்டார்கள். பெண்டாட்டியின் ரத்தம் அவனுக்குப் பொருந்தவில்லை. பொருந்தியது அக்காவின் ரத்தம்.

"அப்புறம் என்ன டாக்டர், நாளைக்கே எடுத்துக்குங்க" என்றாள் டன் அக்கா.

சிறுநீரக டாக்டரம்மா ஒல்லியான, பொறுமையான மனுஷி. "உங்க கிட்னி நல்லா இருக்கும்மா. ஆனா இந்த எடையில உங்களை ஆபரேஷன் மேஜையில படுக்க வைக்க மாட்டேன்."

"ஏன், மேஜை தாங்காதா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை மடித்து வைத்தார். "மேஜை தாங்கும். ஒரு கிட்னிய எடுத்துட்டா மிச்சம் இருக்கிற ஒண்ணு உங்களை இன்னும் நாப்பது வருஷம் தாங்கணும்ல? எண்பத்தஞ்சுக்குக் கீழ வாங்க. வந்தா போதாது, அங்கயே மூணு மாசம் நில்லுங்க. அதுக்கப்புறம்தான் கத்தி. அவசரப்பட்டுப் பட்டினி கிடக்காதீங்க."

கடைசி வாக்கியம் டன் அக்காவின் காதில் விழவே இல்லை. எண்பத்தைந்து என்ற எண் மட்டும் விழுந்தது. இருபது கிலோ. டன் கணக்கில் கழித்துப் பழகியவளுக்கு இருபது கிலோ ஒரு எண்ணா? அவள் மேடையில் பெட்டி காட்டும் மிகச் சிறிய எண்ணே பத்து கிலோதான்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் வெறும் டீ, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரிக்குத் தண்ணீரும் வைராக்கியமும். வீட்டில் சமையல் அவள் கணவன்தான். எலெக்ட்ரீஷியன், ஆனால் கைப்பக்குவத்துக்குப் பேர் போனவர். தட்டை நகர்த்தி வைத்தவளைப் பார்த்து முகம் தொங்கிப் போனார்.

"என்னம்மா, என் கை ருசி கசந்து போச்சா?"

"தம்பிக்காகங்க."

ஆறு வாரத்தில் எட்டுக் கிலோ இறங்கியது. ஏழாவது வாரம் திங்கட்கிழமை, வரிசையில் பதினொரு லாரி நிற்க, கண் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு லாரியின் காலி எடையை வேறு லாரியின் கணக்கில் தட்டிவிட்டாள். நாற்பது கிலோமீட்டர் போன வண்டி திரும்பி வந்தது. முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். அன்று மாலை அவள் சமையலறையில் நின்றுகொண்டே மூன்று ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். அதன் பிறகு பசி அவளை விடவில்லை. இரண்டு மாதத்தில் எட்டும் திரும்பி வந்து, கூடவே ஒன்றைத் துணைக்கு அழைத்து வந்தது. நூற்று ஐந்து.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. "எதையும் விட வேண்டாம். எல்லாத்தையும் குறைங்க. உட்கார்ந்தே இருக்கீங்களே, உங்க வேலையிலயே நடக்க ஏதாவது வழி இருக்கா பாருங்க. தனியா நேரம் ஒதுக்கிச் செய்யறது ரெண்டு வாரத்துக்கு மேல ஓடாது" என்றார்.

வேலையில் வழி இருந்தது, பதினெட்டு வருஷமாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒவ்வொரு வண்டியையும் சுற்றிப் பார்த்து, எல்லாச் சக்கரமும் மேடையில் உள்ளதை உறுதி செய்யவும்" என்று அச்சடித்த விதிமுறை அட்டை. அதை யாரும் படித்ததில்லை. அவள் அதன் மேல் காலண்டரை மாட்டியிருந்தாள்.

காலண்டரை எடுத்தாள். வந்த முதல் லாரியை ஒரு சுற்றுச் சுற்றினாள். மேடை அறுபது அடி நீளம், ஒரு சுற்றுக்கு எழுபது காலடி. திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தபோது நெஞ்சு டீசல் இன்ஜின் மாதிரி அடித்தது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது லாரி வரும். முதல் நாள் ஏழு லாரியோடு கால் கெஞ்சிவிட்டது. எட்டாவது லாரிக்கு வளைந்த கண்ணாடியே போதும் என்று விட்டாள். மறுநாள் எட்டாக்கினாள். ஒரு வாரம் எட்டிலேயே நின்று, பிறகு பத்து.

டிரைவர்கள் முனகினார்கள். "என்னக்கா, புதுசா போலீஸ் வேலைல சேந்திட்டியா?" என்றார் மீசை. பழைய இரும்பு ஏற்றி வருகிறவர், அவளுடைய பழைய வாடிக்கை, மீசையைத் தவிர உடம்பில் கனமான உறுப்பு எதுவும் இல்லாதவர். அவருடைய வண்டியைச் சுற்றும்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். காலி வண்டி வந்த வழியெல்லாம் ஈரத் தடம். வண்டிக்கு அடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, திருகு திறந்தபடி சொட்டிக்கொண்டிருந்தது.

லோடு எடையில் தொட்டி நிரம்பியிருந்தது. காலி எடைக்கு வரும் முன் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். அந்தத் தண்ணீரும் இரும்பாகிக் கணக்கில் ஏறும்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

மீசை தலையைச் சொறிந்தார். "நீ நாற்காலிய விட்டு எழுந்திரிக்கற வரைக்கும்க்கா."

"தண்ணியத் திறந்துவிட்டுட்டு எடை குறைஞ்சிடுச்சுன்னு நிக்கறியே, வெக்கமா இல்ல?" அந்தச் சொல் திரும்பித் தன் மேலேயே விழப் போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. முதலாளிக்கு விஷயம் போனதும், சுற்றுவதால் நேரமாகிறது என்று முறைத்துக்கொண்டிருந்தவர், "நல்லா சுத்தும்மா" என்று ஒரு குடையும் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டிலும் வேலை நடந்தது. தட்டு அதே தட்டு. சோறு இருந்த இடத்தில் பாதிக்குக் காய் ஏறியது. "எண்ணெய் இல்லாம சமைக்கறது வயர் இல்லாம பல்ப் எரிக்கற மாதிரி" என்று கணவன் ஒரு வாரம் புலம்பினார். பிறகு அதுவே வீம்பாகி, மூன்று கரண்டி எண்ணெயில் செய்ததை ஒரு கரண்டியில் செய்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். டீயில் மாதத்துக்கு அரைக் கரண்டி சர்க்கரை குறைந்தது. பொட்டலங்களை அவள் மறுக்கவில்லை. வாங்கி, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அடுத்த லாரிக்காரரிடம் கொடுத்துவிடுவாள். ரசீதுக் கட்டு இழுப்பறைக்குக் குடி வந்தது.

மூன்றாவது மாதம் டிரைவர்கள் அவளை மேடையில் ஏறி நிற்கச் சொன்னார்கள். பெட்டி நூறு என்றது. நான்காவது மாதமும் நூறு. ஐந்தாவது மாதமும் நூறு. மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் மனசு உட்கார்ந்துவிட்டது. வீட்டுத் தராசில் தொண்ணூற்று ஆறு. அவளுக்கு வீட்டுத் தராசின் மேல் என்றைக்கும் மதிப்பு வந்ததில்லை. பதினெட்டு வருஷமாக லாரியைக் கழித்தவளுக்குத் தன்னைக் கழிக்கத் தெரியவில்லையே என்று அன்று தம்பி கடையில் போய்ப் புலம்பினாள்.

தம்பி கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றினான். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திக் கை புடைத்துப் போயிருந்தது. பிறகு அளவு நோட்டைப் பிரித்துக் காட்டினான். "ஆறு இஞ்ச் போயிருக்கு. ஆறு இஞ்ச்னா என்னன்னு தெரியுமாக்கா? உன் பழைய சட்டையில மிஞ்சற துணியில ஒரு குழந்தைக்குச் சட்டை தைக்கலாம்." வேலைக்குப் போடும் சட்டையைக் கழற்றச் சொல்லி, பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, உள்ளே வாங்கி, அங்கேயே ஓட்டிக் கொடுத்தான். போட்டுப் பார்த்தபோது அது உடம்பைப் பிடித்து நின்றது. அவள் கண்ணாடியில் தன்னை முழுசாகப் பார்த்தாள். வெகு நாளாகக் கழுத்துக்குக் கீழே பார்க்காமல் தலை வாரிக்கொண்டிருந்தவள்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு தையல். எழுபது லாரியையும் சுற்ற முடிந்தது. பத்தாவது மாதம் எண்பத்தெட்டு.

அப்போதுதான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் ஊசி வழியாகக் கிருமி ஏறிவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முகம் சுருங்கி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் ஆஸ்பத்திரி கேன்டீனில், பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கிடைத்ததைச் சாப்பிட்டாள். மூன்று கிலோ ஏறியது. அவன் பிழைத்து வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடி முதல் லாரியிலிருந்து தொடங்கினாள். ஒன்றரை மாதத்தில் ஏறியது இறங்கி, எண்பத்தேழும் ஆனது. ஆனால் பொறுமை போய்விட்டது. அடுத்த காய்ச்சலை அவன் தாங்குவானா என்ற கேள்வி அவளோடு ஒவ்வொரு லாரியையும் சுற்றியது. இன்னும் மூன்று கிலோ. அது இறங்கினால்தான் டாக்டரம்மாவின் மூன்று மாதக் கடிகாரமே ஓட ஆரம்பிக்கும்.

சோதனைக்குப் போக வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் தண்ணீரை நிறுத்தினாள்.

ஒரு சொட்டுக் கூட இல்லை. வெயிலில் லாரிகளைச் சுற்றினாள், வியர்வையைத் துடைத்தாள், உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தராசு எண்பத்து நான்கு புள்ளி எட்டு காட்டியது. நர்ஸ் கைதட்டினாள். டன் அக்காவும் சிரித்தாள்.

மாலையில் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க கிட்னி போன தடவை நல்லா இருந்தது. இப்ப ரத்தத்துல கழிவோட அளவு ஏறியிருக்கு. இப்படி இருந்தா எடுக்கறதைப் பத்திப் பேசவே முடியாது. என்னம்மா ஆச்சு?"

ஒரு நிமிஷம் அவளுக்கு உலகமே கழன்று விழுந்தது. தம்பிக்காகப் பத்திரமாக வைத்திருந்ததைத் தானே கெடுத்துவிட்டோமா? வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. அந்த உலர்ந்த வாயைப் பார்த்த டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?"

"முந்தாநாள் டாக்டர்." தலை தாழ்ந்தது. "காலி எடைக்கு வர்ற லாரி மாதிரி திறந்துவிட்டுட்டு வந்துட்டேன்."

டாக்டரம்மாவுக்கு லாரி புரியவில்லை. தண்ணீர் புரிந்தது. ஒரு வாரம் நன்றாகக் குடித்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகியும்விட்டது. ஆனால் தராசும் உண்மையைச் சொல்லிவிட்டது: எண்பத்தேழு. கடிகாரம் ஓடவில்லை.

தம்பிக்கு இது தெரிந்த அன்று, தைத்துக்கொண்டிருந்த மிஷினை அப்படியே நிறுத்திவிட்டான். அக்காவிடம் குரல் உயர்த்திப் பேசாதவன், அன்று உயர்த்தினான்.

"எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான்க்கா அளவு. நாக்கு ஒட்டிக்கிட்டு, ஐஸ் துண்டைச் சப்பிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ குழாயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு குடிக்காம இருந்தியா? உன் கிட்னியும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு அக்கா வேணும். அக்காவைக் கொன்னுட்டு நான் அதை வெச்சுக்கிட்டு என்ன தைக்கப் போறேன்?"

"டேய், இனிமே செய்ய மாட்டேன்டா."

"நம்ப மாட்டேன். தினமும் வேலை முடிஞ்சு இங்க வந்து, என் கண்ணு முன்னால ஒரு செம்பு தண்ணி குடி. அப்படின்னாதான் ஆபரேஷனுக்கு வர்றேன்."

குடிக்க முடியாதவன் எதிரில் உட்கார்ந்து குடிப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாள் அவளால் பாதிச் செம்புக்கு மேல் முடியவில்லை. "குடி" என்றான். குடித்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அன்றிலிருந்து அவள் எண்ணைத் துரத்துவதை விட்டாள். இந்த லாரியைச் சுற்றினோமா, அடுத்த லாரி வந்ததா, அவ்வளவுதான். மழையில் குடையோடு, வெயிலில் தலைத்துண்டோடு. மீசை கூட வண்டியை நிறுத்தியதும் இறங்கி அவளோடு ஒரு சுற்று வருவார். "தொட்டிய நானே திறந்து காட்டிடறேன்க்கா" என்பார். இரண்டு மாதத்தில் எண்பத்து நான்கு, தண்ணீர் குடித்த எண்பத்து நான்கு. மூன்று மாதம் அங்கேயே நிற்கச் சொன்னார்கள். அவள் எண்பத்து மூன்றுக்கு இறங்கி நின்றாள். நூற்று நான்கிலிருந்து இருபத்தொரு கிலோ. ரத்தம், இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஃபைலை மூடினார்.

"இருபது வருஷ அனுபவத்துல கொடுக்க வந்து எடை அதிகம்னு திரும்பிப் போனவங்களைத்தான் நிறையப் பாத்திருக்கேன். திரும்பி வந்தவங்க ரொம்பக் கம்மி. எனக்கே பெருமையா இருக்கும்மா."

"எனக்கும்தான் டாக்டர்" என்றாள் டன் அக்கா. அடக்கமெல்லாம் அவளுக்கு அன்று தோன்றவே இல்லை.

ஆபரேஷன் அன்று அக்காவையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு உருட்டிப் போனார்கள். அவள் கண் விழித்தபோது வயிற்றுப் பக்கம் தீயாக எரிந்தது. கட்டிலோரம் கணவன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். "ஓடுதாம்மா" என்றார். "வெச்ச அஞ்சாவது நிமிஷமே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சாம்."

மறுநாள் காலை டாக்டரம்மா பார்க்க வந்தார். எல்லாரும் வலி இருக்கிறதா, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றுதான் கேட்பார்கள். டன் அக்கா வேறு கேட்டாள்.

"எடுத்தீங்களே, அது எவ்வளவு எடை இருந்தது டாக்டர்?"

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இதை யாருமே கேட்டதில்லம்மா. ஒரு நூத்தம்பது கிராம் இருக்கும்."

தம்பியைத் தனி அறையில் வைத்திருந்தார்கள், போய்ப் பார்க்க விடவில்லை. நர்ஸ் போனைப் போட்டுக் கொடுத்தாள். அவன் குரலே வேறாக இருந்தது, கிணற்றிலிருந்து மேலே ஏறி வந்துவிட்ட குரல்.

"அக்கா, நேத்துல இருந்து ஒண்ணுக்கு நிக்கவே மாட்டேங்குது. பை நிறைய நிறைய மாத்திக்கிட்டே இருக்காங்க. உன்னை மாதிரியே ஓய்வில்லாம வேலை செய்யுதுக்கா." சொல்லிக்கொண்டே அழுதான்.

அவளும் அழுதாள். தையல் போட்ட வயிறு இழுத்துப் பிடித்தது, சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அது வெறும் நூத்தம்பது கிராம்தான்டா. அதைக் கொடுக்க நான் இருபத்தொரு கிலோ இறக்கியிருக்கேன். பத்திரமா வெச்சுக்க."